இல்லமும் அண்டையும்: காமிராவை எங்கே வைப்பது?

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் மூட்டை முடிச்சுகள் தயாராகும் காலம் இது. ரயில் டிக்கெட்டுக் கவலை ஒருவாறு தீர்ந்தால், பூட்டிய வீட்டை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலை தொடங்குகிறது. அதற்கு மருந்தாக இன்று பலரும் வாசலில் கண்காணிப்புக் காமிரா பொருத்துகிறார்கள். “எத்தனை வேண்டும், எங்கே வைப்பது?” என்று சங்கத்துக்கு வரும் அன்பர்கள் நம்மைக் கேட்பதுண்டு. ஆகவே இம்மாதம் அதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் நாம் செய்த பிழையை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே முறை. நாம் வசிப்பது நவி மும்பையில், வரிசை வீடுகளின் கோடியில் உள்ள ஒரு வீடு. சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்குப் புறப்படும் சமயத்தில் இரண்டு காமிராக்கள் வாங்கினோம். உயரத்தில் வைத்தால் தெரு முழுவதும் தெரியும் என்று எண்ணி, ஒன்றை மாடிக் கைப்பிடிச் சுவரின் கீழே, பதினாறு அடி உயரத்தில் மாட்டினோம். மற்றொன்றை மதிற்சுவரின் மேல் வைத்தோம். அது நம் முற்றத்தில் பாதியையும், பக்கத்து வீட்டு முற்றம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டில் இருப்பவர் ஒரு மராத்தியப் பாட்டி. அந்த ஊர் வழக்கப்படி அவரை ‘ஆஜி’ என்றே அழைப்போம். பத்து ஆண்டுகளாக நாம் ஊருக்குப் போகும்போதெல்லாம் நம் வீட்டுச் சாவி அவர் வீட்டு ஆணியில்தான் தொங்கும். நம் துளசிக்கு நீர் வார்ப்பவரும் அவரே. காமிரா வந்ததும், “இனி உங்களுக்குச் சிரமம் இல்லை, ஆஜி” என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து முற்றத்தில் அமர்ந்து கீரை ஆய்வதை நிறுத்திவிட்டார். அதன் பொருள் அப்போது நமக்கு விளங்கவில்லை.

நாம் திருநெல்வேலியில் இருந்த வேளையில் கொல்லைக் கதவை உடைத்து ஒருவன் உள்ளே புகுந்தான். அம்மாவின் குத்துவிளக்கு இரண்டும், வெள்ளிக் குங்குமச் சிமிழும் போயின. மாடியிலிருந்த காமிரா அவன் வந்ததைப் பதிவு செய்திருந்தது. அதில் தெரிந்தது ஒரு தொப்பியின் மேற்பாகம். “தொப்பியை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது?” என்றார் போலீஸ் அதிகாரி. கொல்லைப்புறத்திலோ காமிராவே இல்லை. அதைவிட நம்மைச் சுட்டது ஆஜியின் சொல். “இரவில் பின்பக்கம் சத்தம் கேட்டது. முன்னெல்லாம் என்றால் விளக்கைப் போட்டுக் குரல் கொடுத்திருப்பேன். உங்கள் காமிராதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறதே என்று படுத்துவிட்டேன்” என்றார்.

இதிலிருந்து நாம் கற்றவற்றை இனிச் சொல்வோம்.

காமிராவின் வேலை தெருவைக் காண்பதன்று. நம் வாசலுக்கு வருபவரின் முகத்தைக் காண்பதே. முகத்தை ஐயமின்றி அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 படப்புள்ளிகளாவது விழ வேண்டும் என்பது இத்துறையில் பரவலாகக் கொள்ளப்படும் அளவுகோல். வீடுகளில் பெரும்பாலும் காணப்படும் இரண்டு மெகாபிக்சல் காமிராவின் படம் 1920 புள்ளி அகலமுள்ளது. வகுத்துப் பார்த்தால், ஏழரை மீட்டர் அகலத்துக்கு மேல் பரந்த காட்சியில் முகம் தெளிவாகத் தேறாது. அகன்ற பார்வையுள்ள சாதாரண லென்சு பத்துப் பன்னிரண்டு அடி தூரத்திலேயே அந்த அகலத்தை எட்டிவிடுகிறது. அதற்கு அப்பால் ‘யாரோ ஒருவர்’ என்பது தெரியும். ‘இன்னார்’ என்பது தெரியாது. எனவே முழுத் தெருவுக்கும் ஆசைப்படுவோர் ஒரு முகத்தையும் பெறாமல் போவார்கள்.

உயரம் எட்டு முதல் பத்து அடி வரை இருந்தால் போதும். கை எட்டிப் பிடுங்க முடியாது. தொப்பிக்குக் கீழே முகமும் தெரியும். தலைவாசலுக்கு அழைப்புமணியோடு சேர்ந்த காமிரா நல்லது. அது நெஞ்சளவு உயரத்தில் இருப்பதால் வருபவரை நேருக்கு நேர் காண்கிறது. காமிராக்கள் இரண்டே என்றால் ஒன்று தலைவாசலுக்கு, மற்றொன்று கொல்லைக் கதவுக்கு. மூன்றாவது வாங்க வசதியிருப்பின் வெளிக் கேட்டுக்கும், வண்டி நிற்கும் இடத்துக்கும் பொதுவாக வைக்கலாம்.

அடுத்தது வெளிச்சம். நேர் கிழக்கையோ மேற்கையோ நோக்கி வைத்த காமிராவில் காலையிலோ மாலையிலோ வெயில் விழுந்து, வருபவர் கரிய நிழலாகத் தெரிவார். சற்றே வடக்காகவோ தெற்காகவோ திருப்பிக் கீழ்நோக்கிச் சாய்த்தால் இக்குறை பெரிதும் நீங்கும். இரவில் காமிரா கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. அருகில் வெள்ளைச் சுவரோ கூரை விளிம்போ இருப்பின் அவ்வொளி திரும்பி வந்து படம் முழுவதும் வெளுத்துவிடும். சிலந்தி வலையும் அவ்வாறே கெடுக்கும். வாரம் ஒருமுறை துணியால் துடைப்பது அவசியம். மும்பை போன்ற மழை மிகுந்த ஊர்களில் சாரல் நேரே படாத இறவாரத்தின் கீழே பொருத்துவதே உத்தமம்.

பதிவுப் பெட்டியைத் தொலைக்காட்சியின் அருகில் வைப்பது பலரும் செய்யும் தவறு. வந்தவன் அதையும் தூக்கிக்கொண்டு போனால் சாட்சியும் போயிற்று. உள்ளறையில் பூட்டிய அலமாரியில், காற்று புக இடம் விட்டு வையுங்கள். மின்சாரம் நின்றாலும் இயங்க இன்வெர்ட்டருடன் இணையுங்கள். பெட்டியின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று பாருங்கள். வாங்கும்போது அதிலிருந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். இல்லையேல் நம் வாசலை நாம் மட்டும் பார்ப்போம் என்பதற்கு உறுதியில்லை.

இவை யாவும் கருவியைப் பற்றியவை. இனிச் சொல்வது அண்டை அயலாரைப் பற்றியது. அந்தரங்கம் ஒவ்வொருவருக்கும் உரிய அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். சகோதரர்கள் சேர்ந்து வாழும் ஒரு வீட்டில், உடன் வசிப்பவரின் சம்மதமின்றிக் குடியிருக்கும் பகுதியினுள் காமிரா வைப்பது அவ்வுரிமைக்கு முரண் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-இல் கூறியது. பெண்ணொருத்தி தனிமையில் இருப்பதைப் படம் பிடிப்பது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 77-ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எனவே அயலார் ஜன்னல், குளியலறை, மொட்டை மாடி, துணி உலர்த்தும் இடம் ஆகியவை நம் காமிராவில் விழவே கூடாது. திருப்பி வைக்க இடமில்லையெனில், காட்சியின் ஒரு பகுதியை மறைக்கும் வசதி பெரும்பாலான காமிராக்களில் உண்டு. பொருத்த வருபவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அடுக்குமாடியில் வசிப்போர், நடைவழியில் வைக்குமுன் குடியிருப்புச் சங்கத்தின் அனுமதியை எழுத்தில் பெறுவதும், எதிர்வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்வதும் கடமை.

நாம் இன்று மதிற்சுவர்க் காமிராவைக் கழற்றிக் கொல்லைக் கதவுக்கு மேல் வைத்திருக்கிறோம். மாடியிலிருந்ததை ஒன்பது அடிக்கு இறக்கிவிட்டோம். பிறகு ஆஜியை அழைத்து வந்து, கைப்பேசியில் காட்சியைக் காட்டினோம். தம் முற்றம் எங்கும் தெரியவில்லை என்பதை அவர் இருமுறை உற்றுப் பார்த்து உறுதி செய்துகொண்டார். மாலையில் முறத்தோடு முற்றத்துக்கு வந்து அமர்ந்தார்.

அம்மாவின் விளக்குகள் திரும்பக் கிடைக்கவில்லை. சாவி மட்டும் பழைய ஆணிக்குத் திரும்பியிருக்கிறது. பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு உற்றார் உறவினர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார்கள். நள்ளிரவில் சத்தம் கேட்டால் விளக்கைப் போட்டுக் குரல் கொடுக்கக்கூடியவர் அடுத்த வீட்டாரே. காமிரா நடந்ததைச் சொல்லும். நடவாமல் தடுப்பது பெரும்பாலும் அந்தக் குரல்தான். இவ்விடுமுறைக்குப் புறப்படுமுன், அன்பர்களே, காமிராவின் திசையை ஒருமுறை சரிபாருங்கள். பிறகு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, போய்வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.