உள்ளங்கையில் ஒரு மளிகைக் கடை

விடுமுறை நாட்களில் பிள்ளைகளை வீட்டில் அமர்த்தி வைப்பது எத்தனை பாடென்பதை அறிவீர்கள். பழைய திருமண அழைப்பிதழ்களையும் காலித் தீப்பெட்டிகளையும் கொடுத்து, ஒரு சிறு கடை செய்யச் சொல்லுங்கள். (இறைவசனம் அச்சிட்ட பகுதியை முன்னதாகவே எடுத்துப் பத்திரப்படுத்திவிடுங்கள்.)

அளவுதான் இதன் உயிர். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்பது கணக்கு. 1924இல் இங்கிலாந்து அரசி மேரிக்காகச் செய்து முடித்த பொம்மை மாளிகையும் இக்கணக்கில் அமைந்ததே. 3 அடி மேசை 3 அங்குலமாகும், கொத்துமல்லி விதை எலுமிச்சையாகும், கசகசா கொண்டைக்கடலையாகும். மடிக்குமிடத்தில் அடிக்கோல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடிட்டால் அட்டை வெடிக்காது. மைதாப் பசையை மெல்லியதாகப் பூசுங்கள். மிகுந்தால் அட்டை நெளியும்.

என் மகன் செய்தது, என் வாப்பா பல்லாண்டு நடத்தி மூடிவிட்ட கடையை. மூடியது முதல் அதைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. பேரன் கொண்டுவந்து வைத்ததை நெடுநேரம் பார்த்திருந்தார்.

"உப்பு மூட்டை உள்ளே இராதப்பா. வெளியேதான் கிடக்கும்" என்றார்.

மறுநாள் சுப்ஹு தொழுதுவிட்டு வந்தவர், கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டார்.