வீட்டு மொழி: எண்கள் சொல்லாத சேதி

ஆஸ்திரேலியாவின் 2016ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், வீட்டில் தமிழ் பேசுவதாகப் பதிந்தவர்கள் 73,161 பேர். 2021இல் இத்தொகை 95,404 ஆனது. ஐந்தே ஆண்டுகளில் 30 வீத வளர்ச்சி. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் 'தமிழ் இங்கே வாழ்கிறது' என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுவது சரியா என்பதுதான் என் கேள்வி.

படிவத்தில் இது குறித்து இரண்டு கேள்விகள் உள்ளன. ஆங்கிலம் தவிர்ந்த மொழி எதையேனும் வீட்டில் பயன்படுத்துகிறாரா என்பது முதலாவது. அதில் ஒரு மொழியை மட்டுமே குறிக்கலாம். ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசுவார் என்பது மற்றது. 'மிக நன்றாக' என்பதில் தொடங்கி 'அறவே இல்லை' வரை நான்கு விடைகள். தமிழை எவ்வளவு நன்றாகப் பேசுவார், வாசிப்பாரா, எழுதுவாரா என்று எவரும் கேட்பதில்லை.

அரசைக் குறைசொல்ல முடியாது. மொழிபெயர்ப்பாளர் எங்கே தேவை, ஆங்கில வகுப்பு எங்கே தேவை என்று அறிவதே அதன் கவலை. எஸ்.பி.எஸ். வானொலி எந்தெந்த மொழிகளில் ஒலிபரப்புவது என்று தீர்மானிக்கும்போதும் இந்தத் தரவுகளைக் கணக்கில் எடுக்கிறது. ஆங்கிலம் தெரியாமை அளக்கப்படுகிறது; தமிழ் தெரியாமை அளக்கப்படுவதில்லை.

விளைவு என்ன? நாள் முழுவதும் தமிழிலேயே புழங்கும் அம்மம்மாவும், அவர் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பேரனும் இக்கணக்கில் ஒன்றுதான். பேரனுக்கான விடையை நிரப்புபவர் பெரும்பாலும் தாயோ தந்தையோ. அவர் ஆசையோடு 'தமிழ்' என்று எழுதிவிட்டால் பேரனும் தமிழ் பேசுபவனே. இன்னொன்று, ஐந்தாண்டில் கூடிய 22,243 பேரும் இங்கே பிறந்து தமிழ் கற்ற பிள்ளைகளாக இருக்க முடியாது. புதிதாக வந்து குடியேறுவோர் இந்த எண்ணை உயர்த்துகிறார்கள். அவர்கள் வருவது குறைந்தால்தான் உண்மை நிலை தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சிங்கப்பூர் உதவும். அங்கே வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி எது, அடுத்ததாகப் பேசும் மொழி எது, எந்த மொழிகளில் வாசிக்கத் தெரியும் என்றெல்லாம் கேட்கிறார்கள். அங்குள்ள இந்தியரில் (மலையாளிகள், பஞ்சாபியர் முதலியோரும் இதில் அடக்கம்) தமிழை வீட்டில் அதிகமாகப் பேசுவோர் 2010இல் 36.7 வீதம், 2020இல் 27.9 வீதம். ஆங்கிலமோ 41.6 வீதத்திலிருந்து 59.2 வீதமாயிற்று. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருந்து, பாடசாலைகளிலும் கற்பிக்கப்படும் நாட்டின் நிலை இது. கசப்பான எண்கள்தாம். ஆயினும் நோய் இன்னதென்று அவர்களுக்குத் தெரிகிறது.

நமக்கு அது தெரியவில்லை. அரசு கேட்காததை நாமே கேட்கலாம். வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளும் சங்கங்களும் ஆண்டுக்கொருமுறை மூன்று கேள்விகள் கேட்டாற் போதும்: பிள்ளை பெற்றோருக்கு எந்த மொழியில் பதில் சொல்கிறது? உடன்பிறந்தோரோடு எந்த மொழியில் பேசுகிறது? பாடநூலுக்கு வெளியே தமிழில் எதையாவது வாசித்ததா? இவற்றுள் இரண்டாவதே முக்கியமானது என்பேன். பெற்றோரின் வற்புறுத்தல் இல்லாத இடத்தில் பிள்ளைகள் பேசுவது எதுவோ, அதுவே அடுத்த தலைமுறையின் வீட்டு மொழி.