ஒட்டகம் மேய்க்கவா போறே?

எகிப்துக்கோ துனிசியாவுக்கோ ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கலாம்னு இருக்கேன் என்று வகுப்பில் சொன்னதும் வந்த முதல் கேள்விதான் மேலே தலைப்பாக இருக்கிறது. கேட்டவன் பேரைச் சொல்லவில்லை, இதைப் படித்துவிட்டு அவனே போன் பண்ணுவான். இரண்டாவது கேள்வி, "அங்கே சண்டை நடக்குல்லா?" மூன்றாவது, "சம்பளம் எவ்வளவு?" எந்தக் கடல், என்ன சிப்பி, எதைப் பற்றி ஆராய்ச்சி என்று ஒருத்தனும் கேட்கவில்லை. இத்தனைக்கும் எல்லோரும் கடல் உயிரியல் படிக்கிறவர்கள்!

வீட்டில் வேறு மாதிரி. அம்மா ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். "லிபியா சார் ஒத்தப் பையோட வந்து நின்னதை மறந்துட்டியாலே?"

மறக்கவில்லை. எங்கள் தெருவில் அவருக்கு லிபியா சார் என்றுதான் பேர். ஒரு கல்லூரியில் ஆங்கிலம் எடுத்தவர், லீவு போட்டுவிட்டு லிபியாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அப்போது அங்கே நம்ம ஊர் ஆங்கில வாத்தியார்களுக்கு ஏக கிராக்கி. காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. 1980களின் நடுவில் அமெரிக்காவோடு சண்டை வந்தபோது கடாபி அரசு பள்ளிக்கூடங்களில் ஆங்கிலத்தையே நிறுத்திவிட்டது. ஒரு தலைமுறை ஆங்கிலம் இல்லாமல் வளர்ந்தது. பிறகு கதவைத் திறந்தபோது சொல்லிக்கொடுக்க உள்ளூரில் ஆள் போதவில்லை. இந்தியாவிலிருந்து கூப்பிட்டார்கள்.

2011 பிப்ரவரியில் பெங்காசியில் கிளர்ச்சி வெடித்தது. அப்போது லிபியாவில் சுமார் 18,000 இந்தியர்கள் இருந்தார்கள். நம் அரசு விமானமும் கப்பலும் அனுப்பி 15,000 பேருக்கு மேல் திரும்பக் கொண்டுவந்தது. பெங்காசியில் இருந்தவர்களை 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற பயணிகள் கப்பலில் ஏற்றி அலெக்சாண்ட்ரியாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விமானத்தில் அனுப்பினார்கள். சார் அந்தக் கப்பலில் வந்தவர். கையில் ஒரு தோள்பை. ஆறு மாச சம்பளம் அங்கே வங்கியில். அதைவிட மோசம், அவருடைய ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாம் பல்கலைக்கழக அலுவலகத்தின் பீரோவில். சேரும்போது "சரிபார்த்துட்டுத் தர்றோம்" என்று வாங்கி வைத்தவர்கள், தரவே இல்லை. இவரும் அடித்துப் பிடித்துக் கேட்கவில்லை. எம்.ஏ. சான்றிதழுக்கு நகல் வாங்க அவர் அலைந்த அலைச்சல் தனிக் கதை.

இதில் நம்ம ஊர் சம்பந்தம் இனிமேல்தான் வருகிறது. அதே வருஷம் ஜூன் 13-ம் தேதி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பயணிகள் கப்பல் விட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? நவம்பரோடு நின்று போனதே, அதுதான். அந்தக் கப்பலும் ஸ்கோஷியா பிரின்ஸேதான்! பெங்காசியில் ஏறின கப்பல் நாலு மாசத்தில் நம்ம ஹார்பரில் வந்து நிற்கிறது. ஊரே வேடிக்கை பார்க்கப் போனது, சாரும் போனார். பார்த்துவிட்டு வந்து, "பெயின்ட் நல்லா அடிச்சிருக்கான்" என்று மட்டும் சொன்னார். அப்போது நான் சின்னப் பையன், அதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

அம்மாவின் பயம் நியாயமானதுதான். 2015-ல் சிர்த் நகரில் வேலை பார்த்த நாலு இந்திய ஆசிரியர்களைக் கடத்திக்கொண்டு போனார்கள். இரண்டு பேரை உடனே விட்டார்கள், மற்ற இரண்டு பேர் வெளியே வர 2016 செப்டம்பர் ஆனது. 2023-ல் சூடானில் சண்டை தொடங்கியதும் 3,800 பேருக்கு மேல் மீட்டு வந்தார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு "ஆப்பிரிக்கா அருமையான வாய்ப்பு" என்று ஏஜென்டு பாஷையில் எழுத எனக்கு மனசு வரவில்லை. ஆனால் லிபியாவும் சூடானும் மட்டுமே வட ஆப்பிரிக்கா இல்லை. இலங்கையில் போர் நடந்தபோது "இந்தியாவுக்குப் போகாதே, பக்கத்தில் சண்டை" என்று எவனாவது சொல்லியிருந்தால் நாம் சிரித்திருப்போம் இல்லையா?

என் கட்சி இதுதான். சார் பட்ட கஷ்டத்தில் பாதி போரால் வந்தது. மீதி பாதி தயாரிப்பு இல்லாமல் வந்தது. போரை நாம் தடுக்க முடியாது. தயாரிப்பு நம் கையில் இருக்கிறது, அதைத்தான் நாம் தப்பாகச் செய்கிறோம்.

நாம் தயாரிப்பு என்று சொல்வது முத்திரை வாங்குவதை. சென்னையில் ஒரு முத்திரை, வெளியுறவு அமைச்சகத்தில் ஒரு முத்திரை, தூதரகத்தில் ஒரு முத்திரை. இது வேண்டாம் என்று சொல்லவில்லை. மொராக்கோவும் துனிசியாவும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கின்றன, நாமும் 2005 முதல் இருக்கிறோம். அதனால் அங்கே ஒரு அப்போஸ்டில் போதும். எகிப்து அதில் இல்லை, தூதரகம் வரை ஏறி இறங்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று. பத்தாம் வகுப்பு தாண்டியவர்களுக்குக் குடியேற்ற அனுமதி தேவையில்லை என்று பெருமையாகச் சொல்கிறோம். அதற்கு மறுபக்கம் உண்டு. கட்டட வேலைக்குப் போகிறவர் அந்த அனுமதி வழியாக அரசுக் கணக்கில் வந்துவிடுவார். பேராசிரியர் வரமாட்டார், அவராகத் தூதரகத்தில் பதிவு செய்தால்தான் உண்டு. சார் பதிவு செய்யவில்லை. கப்பல் வருகிற தகவலை அவருக்குச் சொன்னது ஒரு மலையாளி நர்ஸ்.

முத்திரை முடிந்ததும் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுகிறோம். மொழி? "யுனிவர்சிட்டியில் எல்லாம் இங்கிலீஷ்தானே" என்கிறார்கள். எகிப்தில் அறிவியல் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். துனிசியா, மொராக்கோ, அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் பிடி இன்னும் விடவில்லை. சரி, வகுப்பில் சமாளிக்கலாம். கரையில்?

நம்ம கரையையே எடுத்துக்கொள்வோம். வெளியூரிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவர் வந்திருந்தார், ஆங்கிலம் மட்டும்தான். சங்கு குளிக்கிற அண்ணாச்சிகளிடம் கேள்வித்தாளை நீட்டினார். அவர்கள் எல்லாவற்றுக்கும் "யெஸ் யெஸ்" என்றார்கள். அவரும் யெஸ் என்று குறித்துக்கொண்டு போய்விட்டார். நான் அதே ஆட்களிடம் கச்சான் காற்றில் நீவாடு எப்படி, எந்தப் பாரில் தண்ணி கலங்கல் என்று பேசினால் ஒரு மணி நேரம் நிற்காமல் சொல்வார்கள். பார் என்றால் கடலுக்கடியில் சிப்பி கிடக்கிற பாறைத் திட்டு என்று தெரியாதவனிடம் என்னத்தைச் சொல்ல? நாளைக்கு செங்கடல் கரையில் அந்த "யெஸ் யெஸ்" எனக்கும் கிடைக்கும். அதை வைத்து நானும் ஒரு கட்டுரை எழுதிவிடுவேன். அதுதான் பயமாக இருக்கிறது.

அரபு படிக்க டெல்லிக்கெல்லாம் போக வேண்டியதில்லை. திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் காயல்பட்டினம். தமிழை அரபு எழுத்தில் எழுதி வைத்த ஊர். தங்கள் முன்னோர் கெய்ரோவிலிருந்து வந்தவர்கள் என்று அங்கே வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு நம்ம கல்லூரிகள் ஒன்றிலாவது வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு ஒரு மாச அரபு வகுப்பு வைக்கலாமே என்று கேட்டேன். "சிலபஸில் இல்லை" என்றார்கள். (என் அரபு வாத்தியார் ஒன்று சொன்னார். நூல் அரபு வேறு, எகிப்துக்காரன் பேசுகிற அரபு வேறு, மொராக்கோக்காரன் பேசுவது இன்னும் வேறு. தமிழனுக்கு இது புரிவதில் கஷ்டமே இருக்கக் கூடாது. நாமும் எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்றுதானே.)

எகிப்து என்றதும் நம்ம ஆட்கள் எடுத்துவிடுவது பானை ஓடு. குசேர் அல்கதீமில் 'பானை ஒறி' என்று தமிழ் பிராமியில் எழுதிய ஓடு கிடைத்தது, ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார், எல்லாம் சரி. கொற்கை முத்தைப் பற்றிப் பெரிப்ளூஸில் இருப்பதும் சரி. அந்தப் பானைக்காரர் ரெண்டு வார்த்தை கிரேக்கமோ எகிப்திய பாஷையோ தெரியாமலா அங்கே யாவாரம் பண்ணியிருப்பார்? அதைப் பற்றி மேடையில் யாரும் பேச மாட்டார்கள்.

சரி, நான் ஏன் அங்கே போக ஆசைப்படுகிறேன்? நம்ம பாரில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதற்கப்புறம் சிப்பி அந்த அளவுக்குச் சேரவே இல்லை. 1973-ல் அழகர்சுவாமி இங்கே வேப்பலோடையில் செயற்கை முறையில் முத்து விளைவித்துக் காட்டினார், அது பெரிய சாதனை. ஆனால் பார் பார்தான், இன்னும் காலியாகக் கிடக்கிறது. இதற்கு நேர் எதிராக அங்கே ஒன்று நடந்திருக்கிறது. சூயஸ் கால்வாய் 1869-ல் திறந்தது. பத்து வருஷத்துக்குள் செங்கடல் பக்கத்து முத்துச் சிப்பி ஒன்று, பிங்க்டாடா ரேடியேட்டா, கால்வாய் வழியாக ஏறி அலெக்சாண்ட்ரியா பக்கம் போய்விட்டது. பிறகு துனிசியாவின் காபெஸ் வளைகுடாவரை பரவி, அங்கே சர்வ சாதாரணமாகக் கிடக்கிறது. நம்ம சிப்பிக்கு நெருங்கிய சொந்தம். எந்த அளவுக்குச் சொந்தம், ஒரே இனமா வேறா என்று பெயர் வைக்கிறவர்களுக்குள்ளேயே ரொம்ப நாள் சண்டை. ஒரு கடலில் போகாதே என்றாலும் போய் நிறைகிறது, இங்கே வா என்றாலும் வரவில்லை. இதைப் போய்ப் பார்க்க வேண்டாமா? சூடானில் டோங்கோனாப் விரிகுடாவில் நூறு வருஷத்துக்கு முன்பே சிரில் கிராஸ்லாண்ட் என்ற ஆங்கிலேயர் வேறு ஒரு முத்துச் சிப்பியை வளர்த்துப் பார்த்திருக்கிறார். அந்த வேலையைப் பற்றி நம்ம பாடத்தில் ஒரு வரி இல்லை.

சார் போனது சம்பளத்துக்காக. தப்பே இல்லை, மூணு தங்கச்சி கல்யாணம் அதில்தான் நடந்தது. ஆனால் அவரே சொல்கிறார், "நாலு வருஷம் இருந்தேன், லிபியாவைப் பத்திக் கேட்டா எனக்கு ஏர்போர்ட்டும் காம்பவுண்டும்தான் தெரியும்." போன வாரம் அவரிடம் போய் விண்ணப்பத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஒப்பந்தம் அரபுல இருந்தா இன்னொருத்தன்ட்ட குடுத்துப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடு. ஒரிஜினலைக் கையை விட்டு விடாதே. யார் கேட்டாலும் நகல்தான், என்ன? போன அன்னைக்கே எம்பஸியில பேரைக் குடு. ஒரு மாசச் செலவுக்குப் பணம் டாலரா கையில வச்சுக்க."

"சரி சார்."

"அம்மாட்ட நான் பேசுதேன்."

இன்னும் பேசவில்லை. நான் சனிக்கிழமைதோறும் காயல்பட்டினம் போய்வருகிறேன். தொண்டைக்குள்ளிருந்து வரவேண்டிய 'அய்ன்' எழுத்து எனக்கு இன்னும் வரவில்லை, பக்கத்து பெஞ்சில் இருக்கிற எட்டு வயசுப் பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான்.