விளையாட்டு மடிக்கணினியும் 'வட்டியில்லா'த் தவணையும்

திருவண்ணாமலையில் கல்லூரி சேரும் நம் பிள்ளைகள் மடிக்கணினியைப் படிப்புக்கென்று கேட்பார்கள், விளையாட்டுக்கும் சேர்த்துத்தான். அதை நாம் குறை சொல்லவில்லை. நம் கவலை 'வட்டியில்லாத் தவணை' பற்றியது. கடைக்காரரே விலையைப் பிரித்து வாங்கிக்கொண்டால் தடையேதும் இல்லை. நடுவில் வங்கி வரும்போது நிலை வேறு. பூச்சிய வட்டி என்று ஒன்று கிடையாது, அது கட்டணங்களுக்குள் மறைக்கப்படுகிறது என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதியது. பெயரை மாற்றினால் ரிபா ஹலாலாகிவிடுமா?

கையிருப்புக்குள் வாங்குவோம். தனி கிராஃபிக்ஸ் இல்லாமலே வாலரண்ட், மைன்கிராஃப்ட் போன்றவை இக்காலச் செயலிகளில் குறைந்த அமைப்பில் ஓடும். உள்ளமைந்த கிராஃபிக்ஸ் ராமையே பகிர்ந்துகொள்வதால் 16 ஜிபி நல்லது. இப்போதைக்கு 8 போதுமென்றால், இன்னொரு ராம் பொருத்தக் காலியிடம் உண்டா என்று கடையிலேயே கேட்டுவிட வேண்டும்; பெருநாள் காசு சேர்ந்ததும் பிள்ளையே வாங்கிப் பொருத்திக்கொள்வான்.