மாவு வண்டியும் வெள்ளை போர்டும் – ஒரு பேங்க்காரனின் புலம்பல்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்ட விஷயம் இது. ஏன்னா இதுல முதல் குற்றவாளி நான்தான். பொறுமையா படிச்சிட்டு அப்புறமா திட்டுங்க.

புனேயில நம்ம ஊர் அண்ணாச்சி ஒருத்தர் இட்லி மாவு அரைச்சு மெஸ், ஹோட்டல், அபார்ட்மெண்ட்னு போடுறார். எங்க கோவில்பட்டிப் பக்கம்தான். நாலு வருஷம் முன்னாடி வேன் வாங்க என் கிளைக்கு வந்தார். மார்ச் மாசம். டார்கெட் கழுத்தை நெரிக்குது. கமர்ஷியல் வண்டிக் கடன்னா பேப்பர் ஜாஸ்தி, வட்டி ஜாஸ்தி, நாளும் ஜாஸ்தி. சொந்தக் கார் கடன்னா ரெண்டே நாள். விண்ணப்பத்துல 'உபயோகம்'னு ஒரு கட்டம் இருக்கும். அதுல 'சொந்த உபயோகம்'னு எழுதினது அண்ணாச்சி இல்லை, நான். அஞ்சு சீட்டு வேன், வெள்ளை போர்டு, பிரைவேட் கார் பாலிசி. அதையும் எங்க கவுண்டர்லயே போட்டுக் கொடுத்தோம் (அதுக்கு பேங்க்குக்குக் கமிஷன் உண்டு!).

"தம்பி, போலீஸ்காரன் நிறுத்துனா காட்டதுக்கு ஒரு காயிதம் வேணும், அவ்வளவுதான?"ன்னார். நானும் சிரிச்சுட்டு, "அவ்வளவுதான் அண்ணாச்சி"ன்னேன்.

போன மழைக்காலத்துல வண்டி சறுக்கி டிவைடர்ல ஏறிடுச்சு. பின் சீட்டைக் கழட்டிட்டு மாவு டப்பா அடுக்கியிருந்தாங்க. டப்பாக்களுக்கு நடுவுல உக்காந்திருந்த பையனுக்குக் கால் எலும்பு ரெண்டு இடத்துல முறிவு. ரோடு முழுக்க மாவு. சர்வேயர் எடுத்த போட்டோவுலயும் மாவுதான். கிளெய்ம் நிராகரிப்பு!

கம்பெனிக்காரனைத் திட்ட ஆசைதான். ஆனா பாலிசியை எடுத்துப் படிச்சா அவன் எழுதினதைத்தான் செஞ்சிருக்கான். பிரைவேட் கார் பாலிசியில எதுக்கெல்லாம் ஓட்டக்கூடாதுன்னு ஒரு பட்டியல் இருக்கு. வாடகைக்கு ஓட்டுறது கூடாது. சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிர சரக்கு ஏத்துறதும் கூடாது. மாவு டப்பாவை லக்கேஜ்னு சொல்ல முடியுமா? பையனோட ஆபரேஷனுக்கு மதினியோட செயின் போச்சு. வண்டி மாசக்கணக்கா ஷெட்ல. மாசத் தவணை மட்டும் நிக்கலை. தவணை தவறினதும் நோட்டீஸ் அனுப்பினதும் என் கிளைதான்.

இப்ப கணக்குக்கு வருவோம், படிச்சது பி.காம். ஆச்சே. 2022 ஜூன் 1-ல அமலான தேர்ட் பார்ட்டி பிரீமியம் பட்டியல்படி, 1000-லருந்து 1500 சிசி வரைக்கும் உள்ள பிரைவேட் காருக்கு 3,416 ரூபாய். 7,500 கிலோ வரைக்கும் உள்ள சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாய். வித்தியாசம் 12,633. நாளைக்கு 35 ரூபாய்க்குக் கிட்ட. இந்த 35 ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் நம்மாளுங்க வெள்ளை போர்டுல சரக்கு ஏத்துறாங்க. ஒரு தோசைக் காசுக்கு மொத்தக் கடையையும் பணயம் வைக்கிறோம்.

"மஞ்சள் போர்டுன்னா பெர்மிட், தனி லைசென்ஸ்னு ஆயிரம் தலைவலி சார்"னு எல்லாரும் சொல்றாங்க. பாதி பழங்கதை. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல போகாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 66-வது பிரிவுப்படி பெர்மிட்டே தேவையில்லை. லைசென்ஸா? 7,500 கிலோவுக்குள்ள இருக்கிற வண்டியை சாதாரண கார் லைசென்ஸ்லயே ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றத்தோட அஞ்சு நீதிபதி அமர்வு தெளிவாச் சொல்லிடுச்சு. எஃப்.சி. எடுக்கணும், உண்மை. புது வண்டிக்கு எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம், அப்புறம் வருஷா வருஷம். பிரேக் பிடிக்குதான்னு பாக்குறது தலைவலியா?

மஞ்சள் போர்டா இருந்திருந்தா, சரக்கு ஏத்தி இறக்குற ஆளுக்கான பொறுப்பையும் சொற்பத் தொகை கட்டி பாலிசியில சேர்த்திருக்கலாம். அந்தப் பையன் காலுக்கு செயின் விக்க வேண்டி வந்திருக்காது. இதை அண்ணாச்சிக்கு யார் சொல்லணும்? நான்தானே?

சரி, தப்பு முழுக்க நம்ம மேலதானா? இல்லை. பட்டியல் போடுறவங்ககிட்டயும் ஒரு கேள்வி இருக்கு. குட்டி யானைன்னு நாம சொல்ற வண்டி, லோடோட சேர்த்து ஒன்றரை டன் சொச்சம். ஏழு டன் லாரியும் அதுவும் ஒரே 16,049 கட்டணும்! "சின்ன வண்டி மோதினாலும் ஆள் சாவான், நஷ்ட ஈட்டுக்கு உச்சவரம்பு கிடையாது"ன்னு பதில் வரும். நியாயம்தான். ஆனா சரக்கு ஏத்துற மூணு சக்கர வண்டி மோதினாலும் ஆள் சாவான். அதுக்கு அதே பட்டியல்ல 4,492 ரூபாய்தான். பிரிச்சுப் பாக்கத் தெரியுது, இங்க மட்டும் பிரிக்கலை. பெர்மிட்டுக்கு 3,000 கிலோன்னு ஒரு கோடு சட்டத்துலயே இருக்கே, பிரீமியத்துக்கும் அதே கோட்டைப் போட்டா என்ன? மாவுக்காரனும் பூக்காரனும் பொய் சொல்றதுக்கு ஆசையைக் காட்டுறதே இந்தப் பட்டியல்தான்.

இன்னொண்ணு, குடும்பத்தோட இருக்கிறவங்க கவனிங்க. மஞ்சள் போர்டு எடுத்தாச்சுன்னு நிம்மதியா இருக்காதீங்க. பங்குனி உத்திரம் வந்தா குட்டி யானையில ஜமுக்காளத்தை விரிச்சு, பொண்டாட்டி பிள்ளை, பக்கத்து வீட்டுப் பாட்டின்னு இருபது பேரை ஏத்திட்டு கோயிலுக்குப் போறோமே... சரக்கு வண்டியில சும்மா ஏறின பயணிக்கு கம்பெனி பொறுப்பில்லைன்னு 2002-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. 2019 திருத்தச் சட்டத்துலயும் அதே கதைதான். சரக்கோட சொந்தக்காரர், இல்லைன்னா அவர் அனுப்பின ஆள் கூட வரலாம். பாட்டி சரக்குக்குச் சொந்தக்காரி இல்லையே!

பாலிசி வாங்கும்போது ஏஜென்ட்கிட்டயோ என்னை மாதிரி பேங்க்காரன்கிட்டயோ கேளுங்க. பம்பர், லைட், டயர், பெயிண்ட் எல்லாம் சேர்ந்திருக்கா? சரக்கு வண்டி பாலிசியில இதுக்குத் தனியாப் பணம் கட்டினாத்தான் உண்டு. லோடு ஆளுக்குப் பொறுப்பு இருக்கா? உள்ள இருக்கிற சரக்குக்கு என்ன வழி? வண்டி பாலிசி சரக்கைக் காப்பாத்தாது, அது தனி டிரான்சிட் பாலிசி. பதில் சொல்லாம "அதெல்லாம் இருக்கு சார், கையெழுத்துப் போடுங்க"ன்னா எழுந்து வந்துடுங்க.

ஏற்கெனவே அண்ணாச்சி நிலைமையில இருக்கிறவங்க நிராகரிப்புக் கடிதத்தோட மூலையில உக்காராதீங்க. வாடகைக்கு ஓட்டின பிரைவேட் வண்டி திருடு போன வழக்குல, 2008-ல உச்ச நீதிமன்றம் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது சரின்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. விபத்துக்கு அப்படியே பொருந்தும்னு உத்தரவாதம் கிடையாது. ஆனா கேக்கலாம். இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன்கிட்ட புகார் பண்ண ஒரு பைசா செலவில்லை. அண்ணாச்சி கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போயிருக்கார். மனுவை நான்தான் தமிழ்ல கேட்டு இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்தேன். 'உபயோகம்' கட்டத்தை நிரப்பினது யாருன்னும் அதுல எழுதியிருக்கேன். அது என் வேலைக்கு ஏதாவது செய்யுமான்னு வீட்டுல கேக்குறாங்க. செஞ்சா செய்யட்டும்.

என் கூட வேலை பாக்குற பேங்க் மக்களே, கடன் கொடுக்கிறப்ப வருமானம் கேக்குறோம், ஜாமீன் கேக்குறோம். "வண்டியில என்ன ஏத்துவீங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேக்க எவ்வளவு நேரம் ஆகும்?

போன வாரம் அண்ணாச்சியைப் பாத்தேன். செகண்ட் ஹேண்ட்ல ஒரு குட்டி யானை பாத்து வச்சிருக்கார். "தம்பி, இந்தத் தடவை மஞ்சளே போடுங்க. காயிதத்தை நீங்களே ஒருக்கா முழுசாப் படிச்சுச் சொல்லிருங்க"ன்னார். என் மேல கோவமே இல்லை. அதான் தூக்கம் வரலை.