கமரா எந்தப் பக்கம் பார்க்கிறது?

நீளமான பதிவுதான். பெற்றோர் முழுதாக வாசியுங்கள். தம்பிமார் எங்களைத் திட்டிக்கொண்டாவது வாசியுங்கள்.

ஏறாவூரிலிருந்து செங்கலடி, வந்தாறுமூலை தாண்டித் தினமும் மோட்டார் சைக்கிளில் பாடசாலைக்குப் போய்வரும் ஆசிரியர்கள் நாங்கள். காலையில் கம்பஸ் வாசலில் பிள்ளைகள் பஸ்ஸால் இறங்கிப் பாதையைக் கடப்பார்கள். பின்னேரம் மாடுகள் கடக்கும், அவற்றுக்கு நேரசூசி கிடையாது. இதே பாதையில்தான் இப்போது ஹெல்மட்டின் நாடியில் கமரா ஒட்டிய பொடியன்மார் பறக்கிறார்கள்.

போன கிழமை ஒரு துண்டு வீடியோ வட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. 22 செக்கன். ஒரு ஓட்டோ இடப்பக்கம் திரும்புகிறது, மோட்டார் சைக்கிள் உரசுகிறது, இரண்டு பேரும் ஏசிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். ஆனால் கீழே எழுதியிருந்த வரியில் ஓட்டோக்காரர் எந்த ஊர், எந்த ஆக்கள் என்று இருந்தது. ஓட்டோவின் நம்பரும் இருந்தது. இஷாவுக்கு முன்னமே "இவனுக்குப் பாடம் படிப்பிக்கணும்" என்று குரல் பதிவுகள் வரத் தொடங்கிவிட்டன.

முழு வீடியோவையும் கேட்டு வாங்கிப் பார்த்தோம். ஓடியது நம்மட பொடியன், எங்களிடம் படித்தவன். வெட்டி எறிந்த முதல் பகுதியில் ஓட்டோ சிக்னல் போட்டுக்கொண்டுதான் மெதுவாகிறது. நம்மட ஆள் இடப்பக்கத்தால் முந்தப் போகிறான். பிழை நம்மில். இதைச் சொன்னதற்கு எங்களிடம் "சேர், நீங்க யார் பக்கம்?" என்று கேட்டார்கள்.

2018 பெப்ரவரியில் தெல்தெனியவில் பாதையில் வாகனக்காரர்களுக்கு இடையே வந்த ஒரு சண்டை. அடிபட்ட லொறிச் சாரதி மார்ச் தொடக்கத்தில் இறந்தார். அடித்தவர்கள் முஸ்லிம்கள். பிறகு திகனவில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தது நாம் அறிந்ததே. அவசரகாலச் சட்டம் போட்டு, பேஸ்புக்கையே முடக்க வேண்டி வந்தது. அப்போது நாம் பாதிக்கப்பட்ட பக்கம். இங்கே, எங்கள் பாதையில், பந்தம் கொளுத்தும் பக்கமாகவும் நாம் ஆகலாம். 1990 ஆகஸ்டில் ஏறாவூர் யாரை இழந்தது, செப்டெம்பரில் வந்தாறுமூலைக் கம்பஸ் அகதிமுகாம் யாரை இழந்தது என்று இரண்டு பக்கத்து உம்மாமாரிடமும் அம்மாமாரிடமும் கேட்டுப் பாருங்கள். இடையில் இருப்பது சில மைல் பாதைதான்.

கமராவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. போன மாரியில் எங்களில் ஒருவரை ஒரு வேன் தட்டிவிட்டு, பிழை அவரில் என்றே சாதித்தது. முன் லைட்டுக்குக் கீழே பூட்டியிருந்த மலிவுக் கமராவைப் பொலிஸில் காட்டினார், பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது. சாட்சி சொல்ல ஆளில்லாத பாதையில் கமரா நல்ல சாட்சி. அதைச் சாட்சியாகப் பூட்டாமல் மேடையாகப் பூட்டுவதோடுதான் எங்களுக்குச் சண்டை.

கடைக்குப் போனதும் "கோப்ரோவில் எத்தனையாவது ஹீரோ?" என்று கேட்கிறார்கள். ஒரு ஆசிரியரின் மாதச் சம்பளம் அதற்குப் போதாது. 4கேயில், செக்கனுக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் மணிக்கு 45 ஜிபி தின்னும். 64 ஜிபி காட் ஒன்றரை மணித்தியாலமும் தாங்காது, பெற்றரியும் அவ்வளவுதான். சாட்சிக்கு 1080 போதும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் 25 அல்லது 50 பிரேமில் வையுங்கள், தெருவிளக்கு துடிக்காது. லூப் பதிவைப் போட்டுவிட்டால் பழையது தானாக அழிந்து புதியது ஏறும். காட்டில் வி30 என்று இருக்கிறதா பாருங்கள். திகதியும் நேரமும் சரியாக இல்லாவிட்டால் பொலிஸில் அந்த வீடியோவே வழக்காகும். இரவில் ஆட்டம் குறைக்கும் வசதியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நம்பர் பிளேட் கரைந்து வழியும். அகலக் கோணமும் வேண்டாம். அதில் முன்னால் போகும் வாகனம் உண்மையைவிடத் தூரத்தில் இருப்பதுபோலவும், நம் வேகம் கூடியதுபோலவும் தெரியும். வீடியோ போடும் தம்பிமாருக்கு அது பிடிப்பதே அதனால்தான்!

ஐபோனை ஹேண்டிலில் பூட்டுபவர்கள் கவனம். எஞ்சின் அதிர்வு கமராவைப் பழுதாக்கலாம் என்று அப்பிள் கம்பனியே 2021இல் எச்சரித்தது. ஒட்டும் பிடியை ஒட்டி ஒரு நாள் காயவிட்டுத்தான் கமராவை மாட்ட வேண்டும், கூடவே ஒரு நூலும் கட்ட வேண்டும். ஹெல்மட்டில் ஒட்டாதீர்கள். தலை அடிபடும் நேரத்தில் ஹெல்மட் தன் வேலையைச் செய்ய வேண்டும், அதில் கட்டி ஒன்று ஏன்? கேரள மோட்டார் வாகனத் துறை 2022இல் அதைத் தடை செய்ததும் இதற்காகத்தான்.

மேடை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு டிடிஎப் வாசன் இருக்கிறார். 2023 செப்டெம்பரில் காஞ்சிபுரம் பக்கம் முன்சில்லைத் தூக்கப் போய் விழுந்தார், கை முறிந்தது, சிறை போனார், 10 வருடத்துக்கு லைசன்ஸும் போனது. அவருக்கு இலட்சக்கணக்கில் பார்வையாளர்கள். நம்மட பொடியனுக்கு 340 லைக்.

"பகிரங்கமாகப் போடாமல் நியாயம் கிடைக்குமா சேர்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2010இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் அந்தனி கிரேபர் என்ற மோட்டார் சைக்கிள்காரர், தன்னிடம் துப்பாக்கி எடுத்த சிவில் உடைப் பொலிஸ்காரரின் வீடியோவை யூடியூபில் போட்டார். அவர்மீது வழக்குப் போட்டார்கள், நீதிபதி அந்தப் பதிவுக் குற்றச்சாட்டுகளைத் தள்ளிவிட்டார். அதிகாரம் கையில் உள்ளவனைப் படம் பிடிப்பது வேறு. ஓட்டோ ஓடி அரிசி வாங்கும் பக்கத்து ஊர் மனிசனின் முகத்தைப் பேஸ்புக்கில் எறிவது வேறு. அவருக்கு நடந்தால் பொலிஸுக்குக் கொடுங்கள், நமக்கு நடந்தாலும் பொலிஸுக்கே கொடுங்கள், வெட்டாமல்.

அந்தப் பொடியன் வீடியோவை அழித்துவிட்டான். நேற்று வாப்பாவோடு போய் ஓட்டோக்காரரைக் கண்டு, கண்ணாடிக்குக் காசும் கொடுத்தான். ஓட்டோக்காரர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாராம். ஆனால் பகிர்ந்த நூறு பேரின் போனிலும் அது இன்னும் கிடக்கிறது. அழியுங்கள்.

கமரா உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு கொண்டு வாருங்கள். காசில்லாமல் செட்டிங் மாற்றித் தருகிறோம். வந்தாறுமூலை, களுவன்கேணித் தம்பிமாரும் வரலாம். ஸ்க்ரூ கழற்றும் சாவியை மட்டும் மறக்காதீர்கள், எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.