ரெண்டு புரியும் ஒரு அப்பாவும்

ஆணி ஜாஸ்தி. அது போதாதுன்னு காலையில புதுசா ஒரு வேலை வேற சேர்ந்துடுச்சு. சடை பின்னுறது. சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சிட்டு வாங்க, வெயிட் பண்றேன் :-)

தங்கமணிக்கு ஜூன் மாசம் கடலூருக்கு மாத்தல். விருத்தாசலத்துல இருந்து 60 கிலோமீட்டர் சொச்சம். காலைல 6 மணி பஸ்ஸை விட்டா அன்னிக்கு லீவுதான். பொண்ணு 7-ஆம் வகுப்பு, இடுப்பு வரைக்கும் முடி. அவ பள்ளிக்கூடத்துல இரட்டைச் சடை போட்டு, மடிச்சு, ரிப்பன் கட்டியே ஆகணும். இல்லன்னா வாசல்லயே நிறுத்திடுவாங்க. எங்கம்மாவுக்கோ விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போச்சு, சீப்பைப் பிடிக்கவே முடியாது. மிச்சம் இருக்கிறது நான்.

மொத வாரம் எதிர்வீட்டு அக்கா புண்ணியத்துல ஓடுச்சு. ரெண்டாவது வாரம் பொண்ணு சாவகாசமா சொன்னா, "முடிய வெட்டிடலாம்ப்பா. யாருக்கும் தொல்லை இல்ல."

வெட்டுறது ஒரு பெரிய விஷயமே இல்ல. அவ தலை, அவ இஷ்டம். ஆனா 'யாருக்கும் தொல்லை இல்ல'ன்னு சொன்னா பாருங்க, அதுதான் தொண்டையில முள்ளாட்டம் நின்னுச்சு. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட வளரும். கணக்குப் போட்டா, அவ சடை நுனியில இருக்கிற முடி ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்தப்போ முளைச்சது. அப்பனுக்குக் கை வரலைங்கிற ஒரே காரணத்துக்காக அதை வெட்டணுமா? வீட்டுல 'அப்பா கைக்கு சடை வராது'ன்னு ஏதோ ரத்த குரூப் மாதிரி சொல்லிட்டுத் திரியறோம். நான் சின்னதா ஒரு பீங்கான் யூனிட்ல வேலை பாக்குறவன். ஈரம் காயாத உருப்படியை அச்சுல இருந்து நசுங்காம எடுக்குற கைக்கு ஒரு சடை வராதாமா?

வரலைங்க. அதுதான் உண்மை :-( மூணுகால் பின்னல்ல எந்தக் கால் மேல போகுது, எது கீழ வருதுன்னு பாக்குறதுக்குள்ள பள்ளிக்கூட மணி அடிச்சிடும். அப்புறம் யூட்யூப்ல ஒரு முறுக்குச் சடை பாத்தேன். ரெண்டே கால்தான். முடியை ரெண்டாப் பிரிச்சு, ரெண்டையும் முறுக்கி, ஒண்ணோட ஒண்ணு சுத்திட்டே போகணும். ஆகா, நமக்குன்னே செஞ்சது மாதிரி இருக்கேன்னு இறங்கினேன். நாலு நாள் போட்டேன். நாலு நாளும் ரப்பர் பேண்டை விட்டதும் பொலபொலன்னு பிரிஞ்சுது.

திண்ணையில உக்காந்து பாத்துட்டிருந்த எங்கம்மாதான் சொன்னாங்க, "ஏன்டா, உங்க தாத்தா கயிறு திரிக்கிறதப் பாத்ததில்ல நீ? புரிய ஒரு பக்கம் முறுக்கினா, சேக்கும்போது மறுபக்கம் சுத்தணும்டா."

அங்கதான் பொறி தட்டுச்சு. (கொசுவத்தி சுத்துறேன், பொறுத்துக்குங்க.) தாத்தா நாரை ரெண்டு புரியாப் பிரிச்சு, தொடையில வச்சு முன்னால உருட்டுவார். அப்படியே கையைப் பின்னால இழுத்தா ரெண்டு புரியும் எதிர்ப்பக்கமா ஒண்ணைச் சுத்தி ஒண்ணு ஏறிக்கும். ஒவ்வொரு புரியும் அவிழப் பாக்கும். ஆனா அது அவிழப் பாக்குற திசையிலதான் கயிறு இறுகுது. மாடு இழுத்தாலும் பிரியாதது அதனாலதான். நான் முறுக்கினதும் வலது, சுத்தினதும் வலது. எப்படி நிக்கும்?

அஞ்சாவது நாள் ரெண்டு காலையும் வலப்பக்கமா முறுக்கி, இடப்பக்கமாச் சுத்தினேன். சாயங்காலம் வரைக்கும் அசையல.

கை பழகினப்புறம் தெரிஞ்ச சின்னச் சின்ன விஷயங்கள்: சிக்கை நுனியில இருந்துதான் எடுக்கணும், மேல இருந்து இழுத்தா கீழ முடிச்சாகும். தலைக்குக் குளிச்ச ஈரத்தோட முறுக்கக் கூடாது. ஈர முடி ரப்பர் மாதிரி நீளும், அறுந்தும் போகும். நெத்திப்பக்கம் இறுக்கி இழுக்கக் கூடாது. தினமும் அப்படி இழுத்தா வகிடு அகலமாகி, ஓரத்து முடி உதிர்ந்து வழுக்கையே விழும்னு தோல் டாக்டர்கள் சொல்றாங்க.

எங்கம்மா தலையில இருக்கறதும் முறுக்குதான், கோடாலி முடிச்சு. பின்னூசி கிடையாது, ரப்பர் பேண்டு கிடையாது. மொத்த முடியையும் அள்ளி, ஒரு முறுக்கு முறுக்கி, கையைச் சுத்தி, நுனியை உள்ள விட்டு இழுத்தா முடிஞ்சுது. அந்த வீங்கின விரலோட இன்னிக்கும் அதை மட்டும் அவங்களே போட்டுக்குறாங்க. வயக்காட்டுல நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிர்ந்த தலைமுறையோட கண்டுபிடிப்பு. நாமதான் அதுக்குக் 'கிழவி கொண்டை'ன்னு பேர் வச்சுட்டு, அதே முறுக்கை வீடியோவுல பாத்து வாயைப் பிளக்குறோம்.

எங்க ஊர் கோயில்ல எல்லாமே அஞ்சுன்னு பெருமையாச் சொல்லுவோம். அஞ்சு கோபுரம், அஞ்சு கொடிமரம், அஞ்சு தேர். பழந்தமிழ்ல பொண்ணுங்க கூந்தலுக்கும் 'ஐம்பால்'னுதான் பேர். அஞ்சு விதமா முடியறதால அப்படி. பக்கத்துல முடிஞ்சா கொண்டை, சுருட்டி முடிஞ்சா குழல், பின்னி விட்டா பனிச்சைன்னு உரைகள்ல விளக்கம் வரும் (பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும்). அந்தக் காலத்துல அஞ்சு. இப்ப பள்ளிக்கூடத்துல ஒண்ணே ஒண்ணு, மடிச்ச இரட்டைச் சடை!

சுத்தம், பேன், ஒழுங்குன்னு காரணம் சொல்றாங்க. முடியைக் கட்டிட்டு வரச் சொல்றது நியாயம், ஒத்துக்கறேன். இத்தனை மடிப்பு, இந்த ரிப்பன்னு சொல்றதுல என்ன சுகாதாரம் இருக்கு? அந்த விதியை எழுதினவங்க ஒவ்வொரு வீட்லயும் காலைல அரைமணி நேரம் சும்மா இருக்கற ஒரு அம்மாவைக் கணக்குல வச்சுதான் எழுதியிருக்காங்க. 6 மணி பஸ் பிடிக்கிற அம்மா அவங்க கணக்குலயே இல்ல. பெற்றோர் கூட்டத்துல இதைக் கேட்டேன். "அடுத்த தடவை உங்க வீட்டு அம்மாவை வரச் சொல்லுங்க சார்"னு பதில் வந்துச்சு. கேட்ட கேள்விக்கு அதை விட நல்ல உதாரணம் நானே தேடினாலும் கிடைக்காது.

எங்க யூனிட்ல கொலு பொம்மை அச்சைப் பாத்தப்போ இன்னொண்ணு கவனிச்சேன். எல்லா அம்மா பொம்மைக்கும் கொண்டை ஒரே உருண்டைதான், மேல கோடு மட்டும் கீறியிருக்கும். சடையில இடுக்கு விட்டா அச்சுல மாட்டிக்கும், பொம்மை வெளிய வராது. பொம்மைக்கு அந்த நியாயம் இருக்கு, சரி.

இப்போதைய நிலவரம்: வலப்பக்கம் ஒண்ணு, இடப்பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு முறுக்குச் சடை. நுனியை மடிச்சு மேல ரிப்பன். எட்டு நிமிஷம். ஒரு மாசமாச்சு, வாசல்ல நிக்கிறவங்க யாரும் கண்டுபிடிக்கல. தங்கமணி மட்டும் ஒரு ஞாயித்துக்கிழமை திருப்பிப் பாத்துட்டு, "இது எனக்கு வராதே, எப்படிங்க?"ன்னாங்க. அதுக்கப்புறம் நான் ரெண்டு நாள் தரையில நடக்கல.

வெட்டுறதப் பத்தி மே மாச லீவுல பேசிக்கலாம்னு சொல்லியிருக்கா. வெட்டணும்னா நானே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன்.

டிஸ்கி: கோடாலி முடிச்சுக்கு உங்க ஊர்ல என்ன பேர்? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. சடை பின்னத் தெரிஞ்ச ரங்கமணிகள் யாராவது இருந்தா வெக்கப்படாம கையைத் தூக்குங்கப்பு.